கதவுத் துவாரமும் வெப்கமராவும்

2021ஆம் ஆண்டு. பாடசாலைகள் மூடப்பட்டு, நாங்கள் ஒன்லைனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். பத்தாந்தர தமிழ் வகுப்பைத் தொடங்கினால் என் லெப்டொப் திரை முழுவதும் கறுப்புக் கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். முகம் எதுவும் இல்லை. “மைக்கையாவது போடுங்க புள்ளைகள்” என்று கெஞ்சித்தான் பாடத்தை ஆரம்பிப்பேன்.

ஒருநாள் ஒரு மாணவியின் உம்மா எனக்கு அழைப்பெடுத்தார்.

“டீச்சர், மகள் போன் கமராவுக்கு மேல பிளாஸ்டர் ஒட்டி வெச்சீக்கிறா. அப்படி ஒட்டினாலும் அது பாக்குமாமே? எடுத்து வெச்சிக்குமாமே? அவட வாப்பா இனி வகுப்பு வாணாமெண்டு செல்லுறாங்க.”

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், வேறொரு வகுப்பில் பிள்ளையொன்றின் முகத்தை யாரோ திரைப்பிடிப்பாக எடுத்து வட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். அந்தக் கதை திகனயின் வீடுகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக வளர்ந்திருந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது தமிழ். சங்க இலக்கியத்தில் கேட்டால் சொல்லலாம், கமராவில் கேட்டால்? எங்கள் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் சேரிடம் கேட்டேன். “அது ஒரு உள்ளீட்டுச் சாதனம்தான் டீச்சர், வேற ஒண்டுமில்ல” என்றார். பிள்ளைகள் பரீட்சைக்கு மனனம் செய்யும் வரி அது: விசைப்பலகை, சுட்டி, வருடி, ஒலிவாங்கி, வெப்கமரா. அந்த ஒற்றை வரியை விரித்துப் பார்த்தால் அந்த உம்மாவுக்குரிய பதில் உள்ளே இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

விசைப்பலகைக்குத் தமிழ் தெரியாது

கணினிக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. வெளியுலகில் நடக்கும் ஒன்றை எண்ணாக மாற்றி அதற்குள் அனுப்பும் கருவியைத்தான் உள்ளீட்டுச் சாதனம் என்கிறோம்.

விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். நான் ‘அ’ என்று தட்டும்போது அந்தப் பலகைக்கு அது ‘அ’ என்று தெரியாது. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதற்கான ஓர் எண்ணை மட்டும் அது அனுப்புகிறது. அந்த எண்ணைத் தமிழ் எழுத்தாகக் கொள்வது கணினியிலுள்ள மென்பொருள். யுனிகோட் முறையில் ‘அ’வுக்குரிய எண் 2949. கணினி சேமிப்பது அந்த எண்ணைத்தான். திரையில் அதை ‘அ’ என்று வரைந்து காட்டுவது வேறொரு வேலை.

வெப்கமராவும் இதே சாதியைச் சேர்ந்தது. விசைப்பலகை விரலின் அழுத்தத்தை எண்ணாக்குகிறது. வெப்கமரா ஒளியை எண்ணாக்குகிறது. அதற்கு முகம் தெரியாது, பிள்ளை தெரியாது, பர்தா தெரியாது. எந்த இடத்தில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டுமே தெரியும்.

காம்பராவிலிருந்து கமராவுக்கு

ஒளியைப் பிடிக்கும் கதை கணினியைவிட மிகப் பழையது. அதில் நம் சமூகம் பெருமையோடு சொல்லும் பெயர் ஒன்றிருக்கிறது: இப்னுல் ஹைதம். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்தவர். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ ஒளியியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. பின்னர் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் ஐரோப்பாவில் அச்சாகியது.

கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று யூக்கிளிட், தொலமி போன்ற பெரிய அறிஞர்கள் கருதினார்கள். இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்றார். ஓர் இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒரேயொரு துவாரத்தினூடாக அவற்றின் ஒளியை உள்ளே விட்டுப் பார்த்தார். எதிரே விளக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. எல்லா ஒளியும் ஒரே துவாரத்தால் வந்தாலும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பதை அந்தச் சோதனை காட்டியது. கமராவொன்று சாத்தியமாவதற்குரிய காரணமே இதுதான். தலையிலிருந்து வரும் ஒளி ஓரிடத்திலும் காலிலிருந்து வரும் ஒளி இன்னோரிடத்திலும் விழுவதால் விம்பம் உருவாகிறது, அதுவும் தலைகீழாக.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ‘கமரா’ என்ற சொல் சந்திரனைக் குறிக்கும் ‘கமர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. இலத்தீனில் ‘கமெரா’ என்றால் அறை. இருட்டறை என்ற பொருளில் ‘கமெரா ஒப்ஸ்கூரா’ என்றார்கள். பின்னர் இருட்டை விட்டுவிட்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சிங்களத்தில் அறைக்குக் ‘காமரய’ என்கிறோம். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. மலையகத் தோட்டங்களில் ‘லயக் காம்பரா’ என்பதும் அதே குடும்பந்தான். ஆக, தெல்தெனியப் பக்கத் தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் வீட்டைக் குறிக்கும் சொல்லும், என் லெப்டொப்பின் நெற்றியிலிருக்கும் பொட்டளவு கருவியைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இருட்டறையும் துவாரமும் இப்னுல் ஹைதமுக்கு முன்பும் சீனத்திலும் கிரேக்கத்திலும் அறியப்பட்டிருந்தன. அவருடைய பெருமை வேறு: துவாரத்தால் என்ன நடக்கிறது என்பதைச் சோதனை செய்து விளக்கியதே அது.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒளி கண்ணை அடைவதோடு பார்வை முடிந்துவிடுவதில்லை. உள்ளே பகுத்தறியும் ஆற்றல் அதை ஒப்பிட்டு, முன்னர் அறிந்ததோடு சேர்த்துத் தீர்மானிக்கும்போதே நாம் ஒன்றை இன்னதென்று அறிகிறோம் என்றார். இன்றைய பேச்சில் சொன்னால், கண்ணே ஓர் உள்ளீட்டுச் சாதனம். பார்ப்பது அதற்கு அப்பால் இருக்கும் ஒன்று. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மழைக்கு வைத்த பாத்திரங்கள்

வெப்கமராவின் முன்னால் இருப்பது சிறிய வில்லை. துவாரத்தின் வேலையையே அது செய்கிறது, ஆனால் அதிக ஒளியைச் சேர்த்து, கூர்மையாகக் குவித்துக் கொடுக்கிறது. பழைய கமராவில் அதற்குப் பின்னால் படச்சுருள் இருந்தது. வெப்கமராவில் இருப்பது ஒரு சிலிக்கன் தகடு. சிறுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன்மேல் வரிசை வரிசையாக இலட்சக்கணக்கான நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பிக்சல்.

எங்கள் பக்கம் மழை பிடித்தால் தெரியும். கூரை ஒழுகும் வீட்டில் சட்டி, பானை, வாளி என்று வீடு முழுக்கப் பரப்பி வைப்பார்கள். மழை விட்டதும் ஒவ்வொரு பாத்திரத்திலும் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால், கூரையின் எந்த இடத்தில் எவ்வளவு ஒழுக்கு என்று ஒரு வரைபடமே கீறிவிடலாம். சிலிக்கன் தகடு செய்வதும் அதுதான். ஒளி சிலிக்கனில் படும்போது இலத்திரன்கள் விடுபடுகின்றன. வெளிச்சம் அதிகமாக விழுந்த குழியில் அதிக இலத்திரன்கள், இருளான இடத்தில் கொஞ்சம். ஒரு குறித்த நேரம் சேரவிட்டு, ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து, அந்த அளவை ஓர் எண்ணாக்கி, குழியைக் காலி செய்து, மீண்டும் தொடங்குகிறது. செக்கனுக்கு வழக்கமாக 30 தடவை.

இத்தகைய தகட்டின் முதல் வடிவத்தை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009இல் அவர்களுக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்களது முறையில், ஒரு பாத்திரத்தின் தண்ணீரைப் பக்கத்துப் பாத்திரத்துக்கு ஊற்றி, கைமாறிக் கைமாறி வரிசையின் முடிவுக்குக் கொண்டுபோய் அளக்க வேண்டும். 1990களில் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தில் எரிக் ஃபொசம் குழுவினர் உருவாக்கிய முறையில், ஒவ்வொரு பாத்திரத்தோடும் அதற்கென ஒரு சிறு சுற்று இணைந்திருக்கும். இது மலிவு, மின்சாரமும் குறைவாகவே செலவாகும். இன்றைய போன்களிலும் லெப்டொப்களிலும் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு விடயம் தெளிவானது. பின்னேரம் மழை மூடிக் கரண்டும் போய்விட்டால், படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் ஓடும். அதற்குக் காரணம் பாத்திரங்களில் சேர்ந்த தண்ணீர் போதாமைதான். ஒரு பாத்திரத்தில் பத்துத் துளி, பக்கத்தில் பன்னிரண்டு துளி என்று தற்செயலாக விழும் சின்ன வித்தியாசமும் அப்போது பெரிதாகத் தெரியும். பல கமராக்கள் இதைச் சமாளிக்க, குழிகளைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து, செக்கனுக்கு 30 என்பதை 15ஆகக் குறைத்துவிடும். ஆகவே நாம் கையசைத்தால் படம் இழுபடும். குறை கமராவில் மட்டும் இல்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி உட்கார்ந்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று

பாத்திரத்துக்கு மழையின் நிறம் தெரியாது. அதேபோல் அந்தக் குழிகளுக்கும் நிறம் தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும். நிறத்துக்காக ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி போல ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. நான்கு குழிகளுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் பிரகாசத்தின் நுணுக்கத்தைப் பச்சை நிறப் பகுதியிலேயே கூடுதலாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது.

ஆகவே ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே உண்மையில் அளக்கிறது. மற்ற இரண்டு நிறங்களையும் அயலிலுள்ள குழிகளின் எண்களை வைத்து ஊகிக்கிறார்கள். நாம் திரையில் காணும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு அயலவரிடம் கடன் வாங்கியது!

இறுதியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 0 முதல் 255 வரை. பூச்சியம் என்றால் அந்த நிற ஒளி இல்லை. 255 என்றால் நிறைந்துவிட்டது. வெள்ளை முந்தானை இருக்குமிடத்தில் 230, 240 என்று பெரிய எண்கள். புருவம் இருக்குமிடத்தில் 30, 40 என்று சிறிய எண்கள். கமரா அனுப்புவது இவ்வளவுதான். அதில் ஒரு முகம் இருக்கிறது என்று சொல்வது மென்பொருள். 2001இல் போல் வயோலா, மைக்கல் ஜோன்ஸ் ஆகியோர் முன்வைத்த புகழ்பெற்ற முறை, கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருண்டிருக்கும் என்பது போன்ற எளிய வேறுபாடுகளை அடுக்கிப் பார்த்தே முகத்தைக் கண்டுபிடித்தது.

எண்களின் வெள்ளம்

ஒரு சிறிய கணக்கு. 1280க்கு 720 என்ற அளவுடைய ஒரு படத்தில் 921,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்றால் ஒரு படத்துக்கு 2,764,800 பைட். செக்கனுக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 83 மில்லியன் பைட். பிட்டில் சொன்னால் 663 மில்லியன். வெப்கமராவைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி 2.0 கம்பியின் உச்ச வேகமே செக்கனுக்கு 480 மில்லியன் பிட்தான். விசைப்பலகை ஒரு தட்டலுக்குச் சில பைட்டுகளை மட்டும் அனுப்புவதோடு ஒப்பிட்டால், இது ஆற்றுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம்.

ஆகவே எண்களைச் சுருக்க வேண்டும். படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுவது ஒரு முறை. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை இதுதான். இன்னொன்று, முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் மாறியதை மட்டும் அனுப்புவது. எனக்குப் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. ஒவ்வொரு செக்கனும் அதை 30 தடவை அனுப்பத் தேவையில்லை. சிக்னல் பலவீனமாகும்போது “டீச்சர், நீங்க கட்டம் கட்டமா வாறீங்க” என்று பிள்ளைகள் சொல்வார்களே, அப்போது தெரிவது இந்தக் கட்டங்கள்தான்.

இன்னொரு அனுபவமும் உண்டு. ‘ழ’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன். என் திரையில் அது இடம்வலமாக மாறித் தெரிந்தது. பதறிப்போய் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். “டீச்சர், எங்களுக்குச் சரியாத்தான் ஈக்கிது” என்றார்கள். நம் முகம் நமக்குக் கண்ணாடியில் தெரிவது போல் தெரியட்டும் என்று மென்பொருள்தான் நமக்கு மட்டும் அதைத் திருப்பிக் காட்டுகிறது. கமரா எதையும் திருப்பவில்லை. கமராவுக்கும் நாம் பார்க்கும் படத்துக்கும் இடையில் எப்போதும் ஒரு மென்பொருள் நின்று தீர்மானிக்கிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

கோப்பிச் சட்டியில் தொடங்கியது

உலகின் முதல் வெப்கமரா எனப்படுவது எந்த மனிதரையும் பார்க்கவில்லை. கோப்பிச் சட்டியைத்தான் பார்த்தது. 1991இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், ‘ட்ரோஜன் அறை’க்கு அருகே கோப்பி இயந்திரம் ஒன்று இருந்தது. வேறு இடங்களில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் சட்டி வெறுமையாக இருக்கும். குவென்டின் ஸ்டஃபோர்ட்-ஃப்ரேசர், போல் ஜார்டெட்ஸ்கி ஆகியோர் ஒரு கமராவைச் சட்டியின் முன் பொருத்தி, படம் எல்லோர் கணினியிலும் தெரியச் செய்தார்கள். 128க்கு 128 பிக்சல், கறுப்பு வெள்ளை. 1993இல் அது இணையத்தில் இணைக்கப்பட்டு, உலகமே பார்க்கும் கோப்பிச் சட்டியாகிவிட்டது. 2001 ஓகஸ்ட் 22இல் அதை நிறுத்தினார்கள்.

கடையில் வாங்கக்கூடிய வெப்கமரா 1994இல் வந்தது. கொனெக்டிக்ஸ் நிறுவனத்தின் ‘குவிக்கேம்’, உருண்டையான ஒரு கண் போல இருக்கும். அதற்கு 16 சாம்பல் நிறங்கள் மட்டுமே தெரியும். 1998இல் லொஜிடெக் அந்த வணிகத்தை வாங்கியது. 2003இல் யூஎஸ்பி காணொளிக் கருவிகளுக்கெனப் பொதுவான ஒரு தரம் வந்த பிறகு, தனியாக மென்பொருள் நிறுவாமல் கமராவைச் செருகினாலே வேலை செய்யும் நிலை உருவானது. அப்படித்தான் அது எங்கள் வீட்டு மேசை வரை வந்து சேர்ந்தது.

எரிந்த பெட்டி

இப்போது அந்த உம்மாவின் கேள்விக்கு வருவோம். அதில் இரண்டு கேள்விகள் இருந்தன: அது பார்க்குமா? அது வைத்துக்கொள்ளுமா?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். திகனயில் வாழும் எங்களுக்கு இதைப் படிப்பித்தது 2018 மார்ச். அம்மாதம் 5ஆம் திகதி இங்கே கடைகள், வீடுகள், பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. ஓர் இளைஞர் தீயில் சிக்கி வஃபாத்தானார். மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சில நாட்களுக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கார நானாவைக் கண்டேன். அவரது கடை எரிந்திருந்தது. வெளியே தாழ்வாரத்தில் மாட்டியிருந்த கமரா மட்டும் புகை படிந்து அப்படியே இருந்தது. “இது எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் ஈந்திச்சி தங்கச்சி, ஆனா செல்ல ஏலா” என்றார். படங்களைப் பதியும் பெட்டி கடைக்குள்ளே, மேசைக்குக் கீழே இருந்தது. அது எரிந்து போயிருந்தது.

உள்ளீட்டுச் சாதனத்துக்கும் சேமிப்புச் சாதனத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கமரா ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை. குழியை அளக்கிறது, எண்ணை அனுப்புகிறது, குழியைக் காலியாக்குகிறது. அதன் நினைவு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு. சாட்சி வேண்டுமென்றால் அந்த எண்களை வேறொன்று, வேறொருவரின் தீர்மானப்படி, பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அன்று வேறு இடங்களில் பதிவுகள் தப்பின. அந்தக் காட்சிகள் பின்னர் சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் வரை சென்று, எங்களுக்காகப் பேசின. கமரா எல்லா இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தது. பதிவு தப்பிய இடத்தில்தான் சாட்சி மிஞ்சியது.

வகுப்பிலும் இதுவேதான். பிள்ளையின் கமரா எதையும் சேமிப்பதில்லை. ஆனால் அதன் எண்கள் என் திரைக்கும் இன்னும் முப்பது திரைகளுக்கும் போகின்றன. அங்கே யாராவது ‘பதிவு செய்’ என்று அழுத்தினாலோ, திரைப்பிடிப்பு எடுத்தாலோ அது தங்கிவிடும். அந்தப் பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் போட்டது கமரா இல்லை. மறுமுனையிலிருந்த ஒரு கை.

முதலாவது கேள்வி: மூடினாலும் பார்க்குமா? பார்க்காது. வில்லைக்கு மேல் ஒளி புகாத ஒன்றை ஒட்டிவிட்டால் குழிகளில் ஒளி விழாது. யார் எந்தத் தந்திரத்தால் கமராவை இயக்கினாலும் கிடைப்பது கிட்டத்தட்டப் பூச்சியங்கள்தான். மென்பொருளால் பிளாஸ்டரை ஊடுருவ முடியாது. 2016இல் பேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில், அவருக்குப் பின்னால் தெரிந்த லெப்டொப்பின் கமராவிலும் ஒட்டுத்தாள் இருந்தது உலகச் செய்தியானது. எங்கள் மாணவி செய்ததும் அதையேதான்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கமராவுக்குப் பக்கத்தில் எரியும் சிறு விளக்கை மட்டும் முழுதாக நம்பக்கூடாது. 2008ஆம் ஆண்டளவு வரை வெளிவந்த சில அப்பிள் கணினிகளில், விளக்கு எரியாமலே கமராவை இயக்க முடியும் என்று ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். விளக்கு கமராவின் மின்சாரத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்தால் ஏமாற்ற முடியாது. மென்பொருள் வழியாக எரியவைக்கப்பட்டால் ஏமாற்றலாம். இரண்டாவது, பிளாஸ்டர் ஒலியைத் தடுக்காது. ஒலிவாங்கி தனியான இன்னோர் உள்ளீட்டுச் சாதனம். கமராவை மூடிவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டு விடயங்களைப் பேசினால் அது போய்ச் சேரும். எந்தெந்தச் செயலிக்குக் கமரா அனுமதி, ஒலிவாங்கி அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று போனின் அமைப்புகளில் பார்த்து, தேவையில்லாததை நிறுத்த வேண்டும்.

துவாரத்தின் ஒழுக்கம்

படம் பற்றிய மார்க்க விவாதம் நமக்குப் புதிதல்ல. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்-முதீஈ, கமராப் படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, இருக்கும் நிழலைப் பிடித்து வைப்பதே என்று வாதிட்டார். ஏற்றவர்களும் மறுத்தவர்களும் உண்டு. வெப்கமராவைப் பொறுத்தவரை, யாரும் பதியாதவரை நிழல் பிடித்துக்கூட வைக்கப்படுவதில்லை. அது கண்ணாடி போல் வந்து போகிறது. ஆகவே நம் கவலை படம் என்ற பொருளைவிடப் பார்வை என்ற செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

அதற்கு வழிகாட்டல் இருக்கிறது. அடுத்தவர் வீட்டினுள் அனுமதி பெறாமல் நுழைவதை சூரா அந்-நூரின் 27ஆம் வசனமும், துருவித் துருவி உளவு பார்ப்பதை சூரா அல்-ஹுஜுராத்தின் 12ஆம் வசனமும் தடுக்கின்றன. நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவிலிருந்த ஒரு துவாரத்தால் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று நபியவர்கள் அவரைக் கண்டித்தார்கள். அவர்கள் துவாரத்தைக் குறை சொல்லவில்லை, பார்த்தவரைத்தான் கண்டித்தார்கள். அறை, துவாரம், ஒளி ஆகிய மூன்றும் இப்னுல் ஹைதமிடமும் இருந்தன. பகுத்தறிந்து தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மனிதன் என்று அவர் சொன்னதும் இந்த இடத்தோடு வந்து பொருந்துகிறது.

அந்த உம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “பிளாஸ்டர் போதும். அது பாக்காது. மைக்கை மட்டும் பேசுற நேரத்தில போடச் சொல்லுங்க. யாரும் படம் எடுத்தா நான் பொறுப்பு” என்றேன். அடுத்த வகுப்பிலிருந்து விதிகளை மாற்றினேன்: கமரா போடுவது யாருக்கும் கட்டாயமில்லை, பாடத்தைப் பதிவதென்றால் முதலில் எல்லோரிடமும் கேட்பேன், திரைப்பிடிப்பு எடுப்பது அமானிதத்தை மீறுவது, அதற்குப் பெற்றோரை அழைப்பேன். அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். வருட முடிவு வரை அவளது கட்டம் கறுப்பாகவே இருந்தது. செய்யுளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் முதலில் கேட்பது அவளுடைய குரல்தான்.

இப்போது ஒவ்வொரு வருடமும் ஒருநாள், தமிழ்ப் பாடத்துக்கு நடுவே, பால்மா டின்னோடு வகுப்புக்குப் போவேன். அடியில் ஆணியால் ஒரு துவாரம், வாயில் எண்ணெய் தடவிய தாள். தலையைத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தால், வெயில் நேரத்தில் திகன வீதி அந்தத் தாளில் தலைகீழாக ஓடும். பஸ், ஓட்டோ, மனிதர்கள் எல்லாம் அவரவர் நிறத்தோடு.

போன வருடம் ஒரு சின்ன மகன் வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “டீச்சர், இது எங்க சேவ் ஆகுது?”

“எங்கயும் இல்ல மகன். நீங்க பாக்கிற வரைக்கும்தான்.”